பருப்பை நிறுத்தியவர்கள் பாக்கெட்டை நிறுத்தவில்லை

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு இரத்தத்தில் பாஸ்பரஸ், டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இயல்பான அளவு 2.5 முதல் 4.5 வரைதான். அரிப்புத் தாங்காமல் சொறிந்து சொறிந்து கைகள் புண்ணாகியிருந்தன. பாஸ்பரஸ் கூடிவிடும் என்று பருப்பு, சுண்டல், கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக அவர் உறுதியாகச் சொன்னார். நா வறட்சிக்குக் கோலா, மாலையில் நூடுல்ஸ், ஞாயிறுதோறும் சிக்கன் நக்கெட்ஸ் என்று பிறகு சொன்னவர் அவருடைய மனைவி. இதையே எத்தனை பேரிடம் கேட்பது!

பருப்பை எதிரியாக்கியது போதும். பருப்பு வகைகளிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற எளிதில் செரிக்காத சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கும் என்சைம் நம் குடலில் போதாததால், ஏறத்தாழ பாதியோ அதற்கும் குறைவாகவோதான் உடலில் சேர்கிறது. பருப்பு நமக்குப் புரதமும் தருகிறது. டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ எளிதில் கரைபவை. அவற்றில் 90 சதவீதம் வரைகூட உறிஞ்சப்படலாம். சிறுநீரகம் நலமாக இருந்தால் மிகுதி சிறுநீரோடு வெளியேறும். செயலிழந்தவருக்கு அது தேங்கி, எலும்பை வலுவிழக்கச் செய்து, இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியத் துணைபோகிறது.

"அஜினமோட்டோ இல்லாததாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள், அதே பாக்கெட்டின் பின்புறத்தைப் படிப்பதில்லை. பாஸ்பேட் அங்கே பெரும்பாலும் உணவுச் சேர்க்கைப் பொருளுக்கான குறியீட்டு எண்ணாகவே இருக்கும்: கோலாவில் 338, பதப்படுத்திய சீஸில் 339, இறைச்சித் துண்டுகளிலும் நூடுல்ஸிலும் 450, 451, 452. எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை உறையில் குறிப்பிடுவதில்லை என்பது சிறுநீரக நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் எங்களைப் போன்றவர்களின் நெடுநாள் மனக்குறை. ஆகவே 338 முதல் 343 வரையும், 450 முதல் 452 வரையும் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அவை இருந்தால் பாக்கெட்டை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

பருப்பின் அளவை உங்கள் உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டாசியம் கூடியவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் மாத்திரையை, தயவுசெய்து, சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்குங்கள். உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வைப்பதுதான் அதன் வேலை என்பதால், படுக்கப் போகும்போது வெறும் வயிற்றில் போட்டால் அது பயன்படாது.