கடுகு விதை அளவுகோல் அல்ல

அந்தத் தாயின் வலது கை மூடியே இருந்தது. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோதுதான் கவனித்தேன். உள்ளங்கையில் ஒரு மாத்திரை, வியர்வையில் பாதி கரைந்து, ரேகைகளில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. காலையில் செவிலியர் கொடுத்தது.

"இதை விழுங்கினால் எனக்கு விசுவாசம் இல்லை என்று ஆகிவிடாதா ஐயா?" என்றார்.

முந்தின நாள் பார்க்க வந்த ஒருவர், "கடுகளவு விசுவாசம் இருந்திருந்தால் இந்தக் கட்டிலில் படுத்திருக்க மாட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் ஊழியத்தில், கடுகு விதையளவு விசுவாசம் இருந்தால் மலையும் பெயர்ந்துபோகும் என்ற இயேசுவின் வசனம் இப்படிக் கையாளப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டதை எடுத்து, படுத்திருப்பவரின் நெஞ்சிலேயே குத்துகிறார்கள்.

மத்தேயு 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கடுகு விதையளவு விசுவாசம் என்று இயேசு யாரிடம் சொன்னார்? நோயுற்ற சிறுவனிடம் அல்ல. அவனைக் குணமாக்க முடியாமல் திரும்பிய சீஷர்களிடம். கடிந்துகொள்ளப்பட்டவர்கள் ஜெபிக்கப் போனவர்கள்தான். அதே நிகழ்ச்சியை எழுதும் மாற்கு, சிறுவனின் தகப்பன் கண்ணீரோடு கதறியதையும் சொல்கிறார்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும். பாதி நம்பிக்கை, பாதி தடுமாற்றம். அதை வைத்துக்கொண்டே அவன் வந்தான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, மகன் சுகமானான்.

லூக்கா 17இல் அப்போஸ்தலர்கள் தங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ண வேண்டும் என்று கேட்கிறார்கள். கிடைத்த பதில் மறுபடியும் கடுகு விதைதான். இன்னும் நிறைய வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, கையில் இருக்கும் சிறிதளவே போதும் என்கிறார். ஓரிரு மில்லிமீட்டர் விதையை ஒருவரும் எடைபோட எடுத்துச் செல்வதில்லை, மண்ணில் போடுவார்கள்.

இயேசு சொன்ன கடுகு விதை உவமையோ விசுவாசத்தின் அளவைப் பற்றிப் பேசவே இல்லை. அது பரலோகராஜ்யத்தைப் பற்றியது. எசேக்கியேல் 17இல் தேவன் கேதுருவின் இளங்கிளையைக் கொய்து உயர்ந்த மலையில் நடுகிறார். அதன் நிழலில் பறவைகள் தங்குகின்றன. அந்தத் தீர்க்கதரிசனத்தை அறிந்தவர்களுக்கு முன்னால் இயேசு கேதுருவை எடுக்காமல், நிலத்தில் முளைக்கும் கடுகுச் செடியை எடுத்தார். ஆளுயரத்துக்கும் மேலே வளரக்கூடியது என்றாலும் அது ஒரு செடிதான். அதிலும் பறவைகள் வந்து அடைகின்றன. எனக்கு இந்த உவமையில் மிகவும் பிடித்த இடம் அந்தப் பறவைகள்தான். ஒரு பெண்ணின் சின்ன ஜெபத்தில் அவருடைய வீடே ஒதுங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாற்கு 4இல் இந்த உவமைக்குச் சற்று முன்பு இன்னொன்று வருகிறது. விதைத்தவன் தூங்குகிறான், எழுகிறான். விதை எப்படி முளைக்கிறது என்று அவனுக்கே தெரியாது. வளர்ச்சி அவன் முயற்சியில் இல்லை. முக்கி முனகி விசுவாசத்தைப் பெருக்கச் சொல்லும் அறிவுரைக்கு இங்கே இடமே கிடையாது.

மருந்துக்கு வருகிறேன். வியாதிப்பட்டிருந்த எசேக்கியா ராஜாவின் ஆயுசு நாட்களோடு 15 வருஷம் கூட்டுவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த அதே அதிகாரத்தில், தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழத்து அடையை அவருடைய பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒன்றையொன்று தள்ளவில்லை. நோயாளியைப் பார்க்கச் செல்லும் சகோதர சகோதரிகளே, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நமக்கு யாரும் தரவில்லை. அவருடைய விசுவாசத்தைச் சோதிக்கவும் நம்மை அனுப்பவில்லை. பக்கத்தில் உட்காருங்கள். சுருக்கமாக ஜெபியுங்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.

அந்தத் தாய்க்கு எசேக்கியாவின் பகுதியை வாசித்துக் காட்டினேன். அத்திப்பழம் என்ற இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு கையை விரித்தார். செவிலியரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் மருத்துவரைக் கேட்டு வேறு மாத்திரை கொண்டுவந்தார். அதை விழுங்கிய பின், இந்த முறை தானே ஜெபிப்பதாகச் சொல்லிக் கண்களை மூடினார்.

"ஆண்டவரே, முடியவில்லை" என்றார். அவ்வளவுதான். நான் ஆமென் சொன்னேன்.