87 மடங்கு சுருங்கிய சரக்குக் கொட்டகை

மாதிரி ரயில்பாதை அமைப்பவர்களுக்கென விற்கும் கைவினைக் கட்டடப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சரக்குக் கொட்டகை போன்ற கட்டடம் எதுவும் இருக்காது. தீக்குச்சியிலும் மெல்லிய மரச் சட்டங்கள், லேசரால் வெட்டிய சுவர்ப் பலகைகள், உலோகத்தில் வார்த்த சின்னப் பீப்பாய்கள், ஒரு வரைபடம், அவ்வளவுதான். மீதி நம் கைவேலை.

எச்.ஓ. (HO) என்ற மாதிரி ரயில் அளவில் எல்லாமே 87இல் ஒரு பங்கு. 6 அங்குலப் பலகை 1.75 மில்லிமீற்றராகும். இலங்கையின் 1676 மில்லிமீற்றர் அகல ரயில்பாதை 19.3 மில்லிமீற்றருக்கு வரும். கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5தான், அது 1435 மில்லிமீற்றர் பாதைக்கானது. யாழ்தேவியைச் சரியான அளவில் ஓடவிட ஆசைப்படுபவர் பாதையையும் தானே போட வேண்டும்.

நீள அகலம் கணக்குப்படி சுருங்கிவிடும். மரத்தின் நார் சுருங்காது, தண்ணீரும் சுருங்காது. இந்த வேலையின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

வட இலங்கையின் வன்னியில் பாலை, முதிரை, பனை என்று மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பனஞ்சிராம்பில் அரை மில்லிமீற்றர் நார் ஒன்று தெரிந்தால், மாதிரியின் கணக்கில் அது நிஜத்தில் 43 மில்லிமீற்றர் தடித்த கயிறு போல. பெட்டிகளில் பாஸ்வுட் என்ற வட அமெரிக்க மரம் வருவது இதனால்தான். அதன் நார் கண்ணுக்கு எட்டாத அளவு நுண்மையானது.

அடுத்தது தண்ணீர். ஈரம் பட்டால் மரம் நீளவாக்கில் அநேகமாக நீளாது, குறுக்காகத்தான் ஊதும். மெல்லிய சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் நீர் கலந்த பெயின்ற் பூசினால் அந்த முகம் விரியும், மற்றது விரியாது, சுவர் வளையும். இரு முகத்துக்கும் பூச வேண்டும், பின்பக்கம் நாருக்குக் குறுக்கே சட்டம் ஒட்ட வேண்டும். பழைய மரத்தின் சாம்பல் நிறத்துக்கு, கறுப்பு மையைத் தண்ணீரில் கரைக்காமல் ஸ்பிரிட்டில் கரைப்பார்கள். ஸ்பிரிட் மரத்தைத் தண்ணீரளவு ஊத வைக்காது, சீக்கிரம் பறந்துவிடும். கம்பித் தூரிகையால் நார்வாக்கில் கீறிய கோடுகளில் மை மட்டும் தங்கும். வன்னியின் சோளகக் காற்றில் சுவர் சட்டென்று காய்ந்துவிடும். மாரியில் பொறுமை வேண்டும்.

சூப்பர் குளூ இதற்கு எதிர். அது இறுகுவதே காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால். மாரிக்காலத்தில் விறுவிறென்று பிடிக்கும், ஆனால் அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து ஒட்டின இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் கண்ணாடி யன்னலுக்கு மரப்பசைதான் நல்லது.

கூரைத் தகரம் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 3 அங்குல அலை 0.88 மில்லிமீற்றராகும். அரை மில்லிமீற்றர் தகரம் 0.006 ஆக வேண்டும். சமையலறை அலுமினியத்தாளே அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு! ஆனாலும் வேறு வழியில்லை, வரிவரியான அச்சில் அந்தத் தாளை அழுத்தித்தான் அலை எடுப்பார்கள். அப்புறம் துரு. அதை எங்கும் அப்பக் கூடாது. தகரத்தின் துத்தநாகப் பூச்சு முதலில் போவது ஆணி அடித்த துளையிலும், தண்ணீர் தேங்கும் மடிப்பிலும்தான். அங்கிருந்து கீழ்நோக்கி மட்டும் பழுப்புச் சுண்ணப்பொடியை இழுத்துவிட வேண்டும்.

இந்த மெனக்கேடு வன்னிக்கு ஏன்? 1905இல் காங்கேசன்துறை வரை முடிந்த வடக்குப் பாதையில் 1990இல் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் காவலரண்களுக்குப் போயின. 2013 செப்ரெம்பரில் ரயில் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தபோது நிலையம் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. பழையவை எப்படி இருந்தன என்பதை இனிப் படத்திலும் மூத்தவர்களின் ஞாபகத்திலும்தான் தேட வேண்டும். அந்த ஞாபகத்தை அளவெடுத்து நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படிக் கட்டுபவர் எந்தத் தாத்தாவிடமும் முதலில் கேட்க வேண்டியது சுவரின் அடியைப் பற்றித்தான். மாரி மழை கூரையிலிருந்து விழுந்து செம்மண்ணை எவ்வளவு உயரத்துக்குத் தெறிக்க வைத்தது என்று கேளுங்கள். ஓர் அடி என்றால், மாதிரியில் 3.5 மில்லிமீற்றர் சிவப்பு.