அல்வா ஏன் ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறது?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது கைப்பையில் ஒரு கிலோ திருநெல்வேலி அல்வாவும் சிறிய பித்தளைக் காமாட்சி விளக்கும் வைத்திருந்தாராம். பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வந்ததும் தனியே எடுத்து வைத்தார்கள். விளக்கை விட்டுவிட்டு அல்வா டப்பாவைத்தான் திறந்து காட்டச் சொன்னார்கள். “உலோகத்தை விட்டுவிட்டு அல்வாவைப் பிடிக்கிறார்களே, அதில் அப்படி என்ன தெரிந்தது? எக்ஸ்ரே பட்ட அல்வாவைப் பேரனுக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

இரண்டும் அருமையான கேள்விகள். முதல் கேள்விக்குள் இயற்பியலின் மிக அழகான ஒரு யோசனை ஒளிந்திருக்கிறது.

நாம் நடந்து போகும் கதவுச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டு. உலோகம் உள்ளே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அது உண்டாக்கும் எதிர்ப் புலத்தைச் சுருள்கள் உணர்ந்து ஒலி எழுப்பும். பத்தாம் வகுப்பில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான், வேறொன்றும் இல்லை.

பை போகும் சுரங்கம்தான் விசேஷம். அடுத்த முறை மீனம்பாக்கத்தில் வரிசையில் நிற்கும்போது, பாதுகாப்பு வீரர் பார்க்கும் திரை கண்ணில் பட்டால் கவனியுங்கள். துணியும் புத்தகமும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அலுமினியப் பாத்திரம் பச்சை, சாவிக்கொத்து நீலம். எக்ஸ் கதிருக்கு நிறமே கிடையாது; இவை கணினி பூசிய நிறங்கள். எதைப் பார்த்துப் பூசுகிறது? பொருளின் அணு எண்ணை, அதாவது அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கையைப் பார்த்து. கார்பன் 6, நைட்ரஜன் 7, ஆக்சிஜன் 8. இவற்றால் ஆனவை ஆரஞ்சு. அலுமினியம் 13, அது பச்சை. இரும்பு 26, செம்பு 29, இவை நீலம். கதிர் சிறிதும் வெளியே வராத இடம் கறுப்பு.

மூடிய பைக்குள் இருக்கும் பொருளின் அணு எண்ணை, தொடாமல், ஓடும் பெல்ட்டில் வைத்தே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மருத்துவமனை எக்ஸ்ரேயால் இது முடியாது. அது எவ்வளவு கதிர் தடுக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். நான்கு விரல் கனமுள்ள அல்வாவும் மெல்லிய இரும்புத் தகடும் அதில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியலாம். கனத்தால் வந்த இருட்டா, பொருளால் வந்த இருட்டா என்று பிரிக்க வழியில்லை.

வழி, இரண்டு விதமான கதிர்களில் இருக்கிறது. ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரை அணு முழுதாக விழுங்கிவிடும். பதிலுக்கு ஒரு எலக்ட்ரான் வெளியே தெறிக்கும். ஒளிமின் விளைவு என்கிறோமே, அதுதான். ஒரே எடையுள்ள பொருட்களை ஒப்பிட்டால், இப்படி விழுங்கும் திறன் அணு எண்ணின் மும்மடியைப் போல, தோராயமாக, ஏறிக்கொண்டே போகும். கார்பனைவிட இரும்புக்கு இந்தப் பசி ஏறக்குறைய எண்பது மடங்கு. ஆற்றல் மிகுந்த கதிரின் சுபாவம் வேறு. அது பெரும்பாலும் எலக்ட்ரான்களில் மோதித் திசைமாறும், அவ்வளவுதான். இது காம்ப்டன் சிதறல். ஒரு கிராம் பொருளில் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அல்வாவிலும் அலுமினியத்திலும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இந்தக் கதிருக்குப் பொருள் எது என்பது பெரிய விஷயமில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதே விஷயம்.

தி.நகர் ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். உஸ்மான் சாலை முனையிலிருந்து இரண்டு கூட்டங்களை உள்ளே அனுப்புகிறோம், நூறு நூறு பேராக. முதல் கூட்டம் வேடிக்கை பார்ப்பவர்கள். கண்ணைப் பறிக்கும் கடை வந்தால் உள்ளே நுழைந்துவிடுவார்கள். இரண்டாவது கூட்டம் மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடுபவர்கள்; கடைகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள், நெரிசலில் இடிபட்டுத் திசைமாறினால்தான் உண்டு. ஸ்டேஷன் முனையில் நின்று எண்ணுகிறோம். இரண்டு கூட்டங்களும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால், தெருவில் நெரிசல் அதிகம், கடைகள் சுமார். ஓடுபவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்து, வேடிக்கை பார்ப்பவர்களில் பாதிப் பேரைக் காணவில்லை என்றால்? தெருவுக்குள் கால் வைக்காமலே சொல்லிவிடலாம், உள்ளே நகைக்கடை, அதாவது அணு எண் மிகுந்த பொருள், இருக்கிறது.

அந்த ஸ்டேஷன் முனையை இயந்திரத்தில் அமைத்திருக்கும் விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். இரண்டு கதிர்க் குழாய்கள் தேவையில்லை. ஒரே குழாயிலிருந்து எல்லா ஆற்றலும் கலந்த கதிர்கள் மெல்லிய விசிறிபோல் விரிந்து பையைக் கடக்கின்றன. மறுபுறத்தில் உணரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்கு, நடுவே ஒரு மெல்லிய செம்புத் தகடு. முதல் அடுக்கு மெல்லியது. ஆற்றல் குறைந்த கதிர்கள் அதிலேயே பிடிபட்டுவிடும். தப்பியவற்றைச் செம்பு வடிகட்டும். செம்பையும் தாண்டி வரும் வலுவான கதிர்களைத் தடித்த இரண்டாவது அடுக்கு எண்ணும். ஒரு துண்டுச் செம்பு, காபி ஃபில்டரைப்போல, இரண்டு கூட்டங்களைப் பிரித்துவிடுகிறது! பெல்ட் நகர நகர, பை கோடு கோடாகப் படமாகிறது.

இதன் நுட்பத்துக்கு என் மனதுக்குப் பிடித்த உதாரணம் சர்க்கரையும் தூள் உப்பும். இரண்டையும் பாக்கெட்டில் கட்டி வைத்தால் நம் கண்ணுக்கு இரண்டும் வெள்ளைத் தூள்தான். சர்க்கரையில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். திரையில் அது ஆரஞ்சு. உப்பில் சோடியம் 11, குளோரின் 17, அது பச்சை. நாக்கில் வைத்துப் பார்த்தால் மட்டுமே நாம் அறியும் வேறுபாட்டை இயந்திரம் நிறமாகக் காட்டிவிடுகிறது.

இப்போது அல்வாவுக்கு வருவோம். கோதுமைப் பால், சர்க்கரை, நெய் எல்லாமே கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். வெடிபொருட்களில் பெரும்பாலானவை இவற்றோடு நைட்ரஜனும் சேர்ந்தவை. அவையும் ஆரஞ்சு. ஒரே சீரான, கனத்த, ஆரஞ்சு நிறக் கட்டி ஒன்று திரையில் தெரிந்தால், அதைத் திறந்து பார்ப்பதைத் தவிர நேர்மையான வழி இல்லை. விளக்கோ தன் உருவத்தை நீல நிறத்தில் தெளிவாகக் காட்டிவிட்டது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சபரிமலை இருமுடியின் நெய்த்தேங்காய்க்கும் இதே கதைதான்: ஓடு, பருப்பு, நெய் மூன்றும் ஒரே நிறம். வழக்கமாகக் கைப்பையில் அனுமதிக்கப்படாத அந்தத் தேங்காய்க்கு, 2022 மண்டல காலத்தில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் தற்காலிக அனுமதி தந்தது. கொப்பரை வேறு விஷயம். எண்ணெய் மிகுந்த அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது.

பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் கணக்கு குழம்பிவிடும். அல்வாவின் மேல் விளக்கு இருந்தால் இரண்டும் கலந்த ஒரு நிறமே தெரியும். மடிக்கணினியைத் தனித் தட்டில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். அதன் உள்ளடர்த்தி கீழே இருப்பதையெல்லாம் மறைத்துவிடும்.

திரவங்களுக்கான 100 மில்லி விதி, 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்டதிலிருந்து வந்தது. தண்ணீரும் அந்தத் திரவமும் எக்ஸ் கதிருக்கு நெருங்கிய உறவினர்கள். அவற்றைப் பிரித்தறிய இன்று சில நாடுகளின் விமான நிலையங்களில் புட்டிக்குள் லேசர் ஒளியைச் செலுத்தும் கருவி இருக்கிறது. சிதறி வரும் ஒளியின் நிறமாற்றத்தைக் கொண்டு உள்ளே இருக்கும் மூலக்கூறை அது சொல்லிவிடும். அந்த நிறமாற்றத்தின் பெயர் ராமன் விளைவு. மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்து, மாணவராக இருந்தபோதே 1906-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் சர் சி.வி. ராமன். 1928-இல் அவர் அந்த விளைவைக் கண்டபோது விமானப் பயணிகளின் புட்டிகளை யார் நினைத்தார்கள்? 1913-இல் அணு எண்ணுக்கு எக்ஸ் கதிரால் பொருள் கொடுத்த ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லியும் அப்படித்தான். அவர் 27 வயதில் போர்க்களத்தில் மடிந்தார். “இதனால் உடனே என்ன பயன்?” என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குப் பணம் மறுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நம் கல்லூரி ஆய்வகங்களில் பழுதான கருவிகள் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

பேரனைப் பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. எக்ஸ்ரே பட்ட உணவில் “கதிர்வீச்சு ஏறிவிடும்” என்று சொல்லி, கோயில் பிரசாதத்தைக்கூடத் தூர வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் பயம். இந்த இயந்திரத்தின் கதிர், அணுக்கருவுக்கு வெளியே இருக்கும் எலக்ட்ரான்களோடு நின்றுவிடும். அணுக்கருவை அசைக்க அதற்கு ஆற்றல் போதாது. ஆகவே அல்வா கதிரியக்கம் பெறாது. விளக்கை அணைத்ததும் அறையில் வெளிச்சம் தங்காததுபோல், சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் டப்பாவில் எதுவும் தங்குவதில்லை. உணவின் மேல் விழும் அளவும் மிகச் சொற்பம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் நம் எல்லோர்மேலும் இயல்பாக விழும் கதிர்வீச்சைவிட அது கூடுதல் இல்லை.

அடுத்த முறை விளக்கை வேறு பையில் வையுங்கள் அம்மா. ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். அல்வா டப்பாவைக் கையில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் பையின் மேலாக, கேட்டதும் எடுத்துத் திறக்கும்படி வையுங்கள். பேரனுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.