ஒரு படிக்கட்டு எத்தனை சுவர்களை நகர்த்தும்?

கட்டடக்கலை நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம், இதை வரைந்து கொண்டுவாருங்கள் என்று பல இடங்களில் ஒரு படிக்கட்டைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். சின்ன வேலை போலத் தெரியும். வரைந்து முடிப்பதற்குள் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

தளத்துக்குத் தளம் உயரம் 3.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 படிகள் போட்டால் ஒரு படியின் உயரம் 16.5 செ.மீ. கால் பதிக்கும் மிதியின் அகலம் 30 செ.மீ. படி உயரத்தை இரண்டால் பெருக்கி மிதி அகலத்தைக் கூட்டினால், 60 முதல் 64 செ.மீ.க்குள் வர வேண்டும். நாம் இயல்பாக எடுத்துவைக்கும் ஓர் எட்டின் நீளத்தை ஒட்டிய கணக்கு இது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளோந்தெல் தொடங்கிவைத்தது, இன்றும் பயன்படுகிறது. நமக்கு 63 வருகிறது, பொருத்தம்தான். நடுவில் திரும்பும் மேடை வைத்து இரண்டு வரிசையாகப் பிரித்தால், ஒரு வரிசையில் 9 மிதிகள், நீளம் 2.7 மீட்டர்.

மறுநாள் குளிர்சாதனப் பொறியாளர் வருகிறார். உத்தரத்துக்குக் கீழே காற்றுக்குழாய் போக இடம் போதாது, தள உயரத்தை 3.6 மீட்டர் ஆக்குங்கள் என்கிறார். படிகள் 22 ஆகின்றன. வரிசைக்கு 10 மிதிகள், 3 மீட்டர். இந்த 30 செ.மீ.யை எங்கிருந்து எடுப்பது? நடைவழியைக் குறுக்க முடியாது. தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற வேண்டிய வழி அது, விதி இடம் கொடுக்காது. கழிவறைச் சுவரைத் தள்ளினால், அதன் பின்னே எல்லாத் தளங்களிலும் ஒரே நேராக இறங்கும் குழாய்த்தடமும் சேர்ந்து நகரும். படிக்கட்டை வரைய உட்கார்ந்தவர் இப்போது கட்டடம் முழுவதையும் தொட்டுக்கொண்டிருக்கிறார்.

பொறியாளரை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டாலும் பயனில்லை. காற்றுக்குழாயின் பருமன் அறைகளின் அளவைப் பொறுத்தது. அறைகளுக்குக் கிடைப்பது படிக்கட்டு எடுத்துக்கொண்டது போக மீந்த இடம். படிக்கட்டின் நீளமோ குழாயைப் பொறுத்தது. இந்த வட்டத்தில் யாராவது ஓரிடத்தில் துணிந்து ஓர் எண்ணை எழுதினால்தான் வேலையே தொடங்கும். நகரத் திட்டமிடல் குறித்துப் பேராசிரியர்கள் ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெபரும் 1973-இல் எழுதியது இதற்கும் பொருந்துகிறது: சில சிக்கல்கள் இன்னவை என்பதே, தீர்க்க முயன்ற பிறகுதான் தெளிவாகும்.

இப்படித் துணிவது பிறவிக் குணமா? பிரிட்டனின் கட்டடக்கலை ஆய்வாளர் பிரையன் லாசன் ஒரு சோதனை வைத்தார். முடிவுகள் 1979-இல் வெளிவந்தன. வண்ணக் கட்டைகளை அடுக்கி, வெளிப்பக்கத்தில் குறிப்பிட்ட நிறம் இயன்றவரை அதிகம் தெரியச் செய்ய வேண்டும். எந்தக் கட்டைகள் சேர்ந்து வர வேண்டும் என்ற விதி மட்டும் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அறிவியல் முதுகலை மாணவர்கள் பலவிதமாக அடுக்கிப் பார்த்து முதலில் விதியைக் கண்டுபிடிக்க முனைந்தார்கள். கட்டடக்கலை இறுதியாண்டு மாணவர்கள் நிறம் நன்றாக அமையும் அடுக்கை நேராகவே வைத்தார்கள். அது விதிக்குப் பொருந்தாது என்று மறுக்கப்பட்டால் அதற்கடுத்த நல்ல அடுக்கை வைத்தார்கள். பள்ளி முடித்தவர்களிடமும் முதலாண்டு மாணவர்களிடமும் இந்த வேறுபாடு தென்படவில்லை. ஆக, தீர்வை முன்வைத்து, அது எங்கே உடைகிறது என்று பார்த்துக் கற்கும் பழக்கம் பயிற்சியால் வருகிறது. எனக்கு இது மிகவும் நம்பிக்கை தரும் செய்தி.

நிறுவனத்தில் அந்தப் பயிற்சி எங்கே நடக்கிறது? பெரும்பாலும் ஒரு மேசையருகில். சரிவான நிலத்தில் பள்ளிக்கூடம் வரைந்து திணறிய மாணவியின் அருகில் ஆசிரியர் உட்கார்ந்து, அவள் வரைபடத்தின் மேலே ஒரு தாளைப் போட்டு, வரைந்துகொண்டே பேசியதை அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983-இல் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். கோடு போட்டதும் தாள் பதில் சொல்கிறது, அந்தப் பதிலைக் கேட்டு அடுத்த கோடு. அனுபவசாலியின் கை வேகமாக ஓடுவதற்குக் காரணம், இதே பதில்களை அவர் முன்பே பலமுறை கேட்டிருப்பதுதான். 3.3 என்ற எண்ணைப் பார்த்ததுமே அவர் கண் உத்தரத்தின் அடிப்பகுதிக்குப் போகிறது. புதியவரின் தாளில் அவர் சிவப்பு மையால் வட்டமிடும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாத சிவப்பு வட்டம் அந்தத் தாளைத் திருத்தும், ஆளை வளர்க்காது.

இந்தச் சுற்றுகள் தாளிலேயே முடிந்துவிட வேண்டும் என்பதில் மூத்தவர்கள் பிடிவாதமாக இருப்பதற்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி ஓபரா ஹவுஸை விடத் தெளிவான சான்று வேண்டாம். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957-இல் அதன் வடிவமைப்புப் போட்டியில் வென்றார். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே, 1959-இல் வேலை தொடங்கிவிட்டது. பிறகு அடித்தளத்தில் எழுப்பிய தூண்களுக்குக் கூரையைத் தாங்கும் வலு இல்லை என்று தெரிந்து, மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. கூரையின் சிப்பி போன்ற வளைவுகள் எல்லாவற்றையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுக்கலாம் என்ற அழகான விடை 1961-இல்தான் கிடைத்தது. திறப்பு விழா 1973-இல்.

புதியவர்களை ஆண்டுக்கணக்கில் கதவுப் பட்டியல் (எந்தக் கதவு எங்கே, என்ன அளவில் என்ற அட்டவணை) தயாரிப்பதிலேயே வைத்திருக்கும் நிறுவனங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கதவுப் பட்டியலும் கற்க வேண்டியதுதான். ஆனால் தொடக்கக் கிறுக்கலிலிருந்து கான்கிரீட் இறுகுவது வரை ஒரே கட்டடத்தோடு ஒருமுறையாவது போய் வராதவருக்கு, தன் கோடு எங்கே போய் முட்டியது என்று தெரியவே தெரியாது.

அதே படிக்கட்டைப் பாருங்கள். வரைந்தவர் எல்லாப் படிகளையும் 16.4 செ.மீ. என்று சமமாகப் பிரித்து, வெறும் கான்கிரீட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார். கட்டுமான இடத்தில் தரைக்கும் திரும்பும் மேடைக்கும் 5 செ.மீ. கனத்தில் கல் பதிக்கிறார்கள், படிகளுக்கு 2 செ.மீ. ஓடு. ஒவ்வொரு வரிசையிலும் முதல் படி 13.4 ஆகிவிடுகிறது, கடைசிப் படி 19.4. ஓரிரு படி ஏறியதுமே கால் உயரத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு கண் படியைப் பார்ப்பதில்லை. அதனால்தான் சர்வதேச கட்டட விதித்தொகுப்பு, ஒரு வரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் இடையே 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது என்கிறது. இங்கே 6 செ.மீ.

அளவுநாடாவோடு அந்தக் கடைசிப் படியில் ஒருமுறை குனிந்து நின்றவர், அடுத்த படிக்கட்டை வரையும் முன் கேட்கும் முதல் கேள்வி: தரைக்கு என்ன பதிக்கப் போகிறோம், எத்தனை கனம்?