சின்னதை விட்டுவிட்டால் போதுமா?

போன ஐப்பசியில் நீலகிரியில் எமரால்டு பக்கம் ஓர் ஓடைக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "பெரிசைத்தானே சார் எடுக்கிறோம். சின்னதையெல்லாம் திரும்ப விட்டுடறோமே, அதுல என்ன தப்பு?" அனுமதி வாங்கித்தான் பிடிக்கிறார். வாளியில் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீன் ஒன்று கிடந்தது. முக்கால் கிலோ தேறும், வயிறு லேசாக உப்பியிருந்தது.

மீன் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சாக்கும் பொரிப்பக வேலையில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பதில் மட்டும் எங்கள் மலையில் இல்லை. அது அட்லாண்டிக் கடலில், காட் என்ற மீனிடம் இருக்கிறது. சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய மீன் எண்ணெய் மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணெய் காட் மீனின் ஈரலிலிருந்து வருவது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் 1968-ல் மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் டன் காட் பிடித்தார்கள். 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. இருப்பு தீர்ந்துபோனது ஒரு பக்கம். 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மீன்வளம் சரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அங்கிருந்த காட் மீன்கள் சின்ன வயதிலேயே, சின்ன உடம்போடு பருவத்துக்கு வந்துகொண்டிருந்தன. காரணம் புரிய ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. நிதானமாக வளர்ந்து, பெரிசான பிறகு முட்டை போடும் மீன் அதற்குள் வலையில் சிக்கிவிடும். அவசரக்காரன்தான் வாரிசு விடுவான்.

இதை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். குளிர்காலத்தில் ட்ரௌட் முட்டை எடுப்போம். சினை மீனை ஈரத்துணியில் பிடித்து, கட்டைவிரலால் வயிற்றை மெல்ல நீவினால் ஆரஞ்சு முட்டைகள் பேசினில் மணிமணியாக விழும். பேசினில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் முட்டையிலுள்ள நுண்துளை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆண் மீனின் விந்தையும் பிழிந்துவிட்டு, இறகால் கலக்கி, அப்புறம்தான் தண்ணீர். ஒரு வருடம் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, முதலில் தயாரான சின்னச் சின்ன மீன்களிலேயே முட்டை எடுத்து முடித்துவிட்டேன். அடுத்த தலைமுறை வயதுக்கு முன்பே சினைப்பட்டது, எடை ஏறவில்லை. தீவனம் கொடுத்தவரைத் திட்டினேன். பாதிக் குறையாவது என் பேசினில்தான் இருந்தது.

காட் விஷயத்திலும் இதே வாதம் ஓடுகிறது: மாறியது மரபணுவா, சூழலா? கத்தாழை மீன் தலையைக் கடிக்கும்போது பல்லில் படுமே வெள்ளைக் கல், அந்த மாதிரிக் காதுக்கல் காட் மீனுக்கும் உண்டு. மரத்தின் வளையம்போல அதில் வயது எழுதியிருக்கும். பழைய காதுக்கற்களையும் செதில்களையும் எடுத்து மரபணுவைப் படித்தார்கள். நார்வே மாதிரிகளில் பழையவை 1907-ஐச் சேர்ந்தவை (எங்கள் அவலாஞ்சி ட்ரௌட் பொரிப்பகம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்). 2021-ல் வந்த முடிவு ஆறுதலானது: இத்தனை மீன்பிடிப்புக்குப் பிறகும் மரபணு வகைமை, அதாவது மீனுக்கு மீன் மரபணுவில் இருக்கும் வேறுபாடு, பெரிதாகக் குறையவில்லை. பழைய இயல்பு திரும்ப வழி இருக்கிறது என்று அர்த்தம். அதற்காகக் கவலையை விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் லேசாக நகர்ந்திருந்தால் இப்படிப்பட்ட ஆய்வில் எளிதில் பிடிபடாது.

காட் எல்லாம் ஒரே கூட்டமும் இல்லை. பேரண்ட்ஸ் கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் நீந்தி நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு முட்டையிட வருவது ஒரு வகை. கரையோரத்திலேயே காலம் தள்ளுவது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் முட்டையிட்டாலும் பெரிதாகக் கலந்துவிடுவதில்லை. மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கும் இழைதான் குரோமோசோம். முதல் குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் இருக்கிறது. ஸ்வெட்டர் ஜிப்பில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்ச தூரம் பற்களைத் திருப்பித் தைத்துவிட்டால் அந்த இடம் கோக்காது இல்லையா, அப்படி. அதனால் அந்தத் துண்டில் இருக்கும் மரபணுக்கள் பிரியாமல் சேர்ந்தே இறங்குகின்றன. வெளியே பார்க்க ஒரே மீன்தான். ஒரே வலையில் வாரினால் எந்தக் கூட்டம் தேய்கிறது என்றே தெரியாது.

சரி, ட்ரௌட்டே வெளியூர் மீன். சோலை ஓடைகளில் அது இருக்கவே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் கீழே மோயாற்றில் திமில் மகசீர் என்ற பெரிய ஆற்று மீன் இருக்கிறது. காவிரிப் படுகைக்கே உரியது, அழிவின் விளிம்பில் நிற்கிறது. அங்கேயும் எல்லோருக்கும் பெரிசுதான் வேண்டும்.

தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான். நடுத்தர அளவில் இருப்பதை எடுங்கள். ரொம்பச் சின்னதையும் ரொம்பப் பெரிசையும் விடுங்கள். பெரிய தாய்மீன் ஒன்று பல சின்ன மீன்களின் முட்டைக்குச் சமம். விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை பட்டால் மேல்தோலின் வழுவழுப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும்.

சித்திரையில் போன் வந்தது. "ஒண்ணே கால் கிலோ இருக்கும் சார், விட்டுட்டேன். வீட்ல அம்மா இன்னும் என்கூடப் பேசலை."