ஸ்கோப் திருகை எவ்வளவு இறுக்குவது?

ரைஃபிளின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதை அணைத்துப் பிடிக்கும் வளையத்தின் மேல்மூடியில் இருக்கும் திருகு ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம்தான் இருக்கும். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பலர் அதை 15 முதல் 18 அங்குல-பவுண்டு வரை இறுக்கச் சொல்கிறார்கள். மூன்று அங்குல நீளமுள்ள திருகுச் சாவியின் நுனியில் 2.7 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்குவிசை 18 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன்-மீட்டர். வளர்ந்த ஒருவரின் கை இதைப்போல் மூன்று மடங்கைச் சிரமமில்லாமல் கொடுத்துவிடும். கொடுத்துவிட்டதைக் கை உணரவும் செய்யாது.

இந்தச் சின்னத் திருகுகள் என்ன வேலை செய்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்க மான் வேட்டையில் பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். சுடும்போது, தோட்டா அமர்ந்திருக்கும் துப்பாக்கி அறைக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டை எட்டும். அந்த அழுத்தம் குண்டை முன்னே தள்ளும் அதே விசையோடு துப்பாக்கியைப் பின்னே உதைக்கிறது. நான்கு கிலோ ரைஃபிளுக்குத் தோராயமாகக் கணக்கிட்டால், அந்த உச்சக் கணத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 500 மடங்கு வருகிறது. ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. 700 கிராம் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு சேர்த்து இழுத்துச் செல்ல, 350 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை தேவைப்படுகிறது. எல்லாம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள்.

ஸ்கோப்பின் குழாயை ஊடுருவி எந்த ஆணியும் செல்வதில்லை. அதைப் பிடித்து வைப்பது உராய்வு மட்டுமே. பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரத்தின்படி, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு திருகை 18 அங்குல-பவுண்டு வரை இறுக்கினால் அது ஏறத்தாழ 250 கிலோ எடைக்கு நிகராக மூடியை அழுத்துகிறது. நான்கு திருகுள்ள வளையத்தில் அது ஒரு டன். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்து, குழாயின் மேலும் கீழும் கணக்கிட்டால், இரண்டு வளையங்களும் சேர்ந்து 800 கிலோ வரை வழுக்காமல் தாங்கும். தேவை 350. திருகைப் பாதி முறுக்கத்தில் விட்டுவிட்டால் தாங்கும் திறன் 400 ஆகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலே ஸ்கோப் நகர்ந்துவிடும். கையேட்டில் உள்ள எண் வெறும் சம்பிரதாயமல்ல என்பதை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் மனதார ஒப்புக்கொண்டேன்.

நகர்வது எவ்வளவு சிறிதாக இருந்தாலும் குறி மாறும். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு வளையங்களில் ஒன்று 0.03 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் போதும். அது ஒரு தாளின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குதான். 100 மீட்டரில் குண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் படும்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லதுதானே? இல்லை. ஸ்கோப்பின் வெளிக்குழாய் மெல்லிய அலுமினியக் கலவையால் ஆனது. அதனுள்ளே இன்னொரு சிறு குழாய் வில்லைகளைச் சுமந்தபடி நிற்கிறது. மேலே உள்ள குமிழைத் திருப்பும்போது அந்த உட்குழாய்தான் மயிரிழை அளவு சாய்கிறது. வளையம் வெளிக்குழாயை நசுக்கினால் உட்குழாயின் இயக்கம் தடைபடக்கூடும். குமிழ் ‘டக் டக்’ என்று நகரும், குறியோ சொன்னபடி நகராது. உருப்பெருக்கத்தை மாற்றும் வளையமும் கனத்துப்போகும். குழாயில் விழும் பள்ளம் பிறகு மறைவதே இல்லை.

இங்கேதான் டார்க் ரெஞ்ச், அதாவது முறுக்குவிசையை அளந்து இறுக்க உதவும் திருகுச் சாவி, தேவைப்படுகிறது. ஆனால் அது எதை அளக்கிறது என்பதில் பெரும்பாலோருக்குத் தெளிவில்லை. நமக்கு வேண்டியது அழுத்தும் விசை. ரெஞ்ச் அளப்பது திருப்பும் விசை. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, திருகின் தலைக்கு அடியில் உள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. இன்னொரு 40 விழுக்காடு மரைகளின் உராய்வில் கரைகிறது. திருகை உண்மையில் இழுத்து இறுக்குவது மீதமிருக்கும் 10 விழுக்காடுதான். மரையில் எண்ணெய் பட்டு உராய்வு சற்றே குறைந்தால், அதே 18 அங்குல-பவுண்டில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ரெஞ்ச் பொய் சொல்லியிருக்காது. நாம் கேட்ட கேள்விதான் மாறிப்போயிருக்கும். மரைகளைக் கரைப்பான் கொண்டு துடைத்துக் காயவைப்பது ரெஞ்ச் வாங்குவதற்கு ஈடான வேலை என்பேன். திருகு கழலாமல் இருக்கப் போடும் ஒட்டுத்திரவமும் ஈரமாக இருக்கும்போது எண்ணெய் போலவே வழுக்கும். கையேடு உலர்ந்த மரைக்கு எண் சொல்லியிருந்தால் உலர்வாகவே மாட்ட வேண்டும்.

எந்த ரெஞ்ச் வாங்குவது? நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், 1918இல், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்குவதைத் தடுக்க முதல் டார்க் ரெஞ்சை உருவாக்கியதாகச் சொல்வார்கள். அதன் பின் வந்த வகைகள் பல. வளையும் தண்டும் முள்ளும் கொண்ட வகை எளிமையானது, எளிதில் பழுதாகாது. ஆனால் முள்ளை நேராகப் பார்த்துப் படிக்க வேண்டும். சுருள்வில்லை வைத்து, குறித்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் வகை வசதியானது. ஆயினும் சத்தம் கேட்ட பிறகும் இழுத்துக்கொண்டே போகும் கையை அது தடுக்காது. மூன்றாவது வகை அளவு வந்ததும் தானே வழுக்கி, மேலே இறுக்க விடாது. இவ்வளவு சின்னத் திருகுகளுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். 15, 25, 45, 65 என்று நிலையான அளவுகளில் சிறு துண்டுகளாக வரும் ஃபிக்ஸ் இட் ஸ்டிக்ஸ் போன்றவையும், கைப்பிடியில் 10 முதல் 65 அங்குல-பவுண்டு வரை அமைத்துக்கொள்ளும் வீலர் ஃபேட் ரெஞ்சும் துப்பாக்கிக்காரர்களிடையே பரவலானவை.

வகையைவிட வீச்செல்லைதான் முக்கியம். கார் சக்கரத்துக்கான ரெஞ்சைக் கொண்டுவந்து இதற்குப் பயன்படுத்தவே கூடாது. சக்கர நட்டுக்கு 110 நியூட்டன்-மீட்டர் வேண்டும். இங்கே தேவை 2. அந்த ரெஞ்ச் கிளிக் சொல்லும் முன்பே திருகு முறிந்திருக்கும். நல்ல ரெஞ்சிலும் பிழை உண்டு: ஐஎஸ்ஓ 6789 தரநிலை 10 நியூட்டன்-மீட்டர் வரையுள்ள கிளிக் ரெஞ்சுகளுக்கு ஆறு விழுக்காடு ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது. 18இல் அது ஒன்றே ஒன்று. அதனால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டியில் வைக்கும் முன் சுருள்வில் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். இறுக்கத்திலேயே கிடந்தால் வில் தளரும்.

துப்பாக்கி அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே மற்ற எல்லாம். திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மூடியின் இரு பக்க இடைவெளியும் ஒன்றுபோல் இருக்கட்டும். வளையத்தைத் துப்பாக்கியின் மேலுள்ள உலோகப் பட்டையோடு பிணைக்கும் பெரிய நட்டுக்கு அளவு வேறு. சிலவற்றில் 65 அங்குல-பவுண்டு வரை போகும். அதற்கும் மேல்மூடிக்கும் ஒரே அளவைப் போட்டுவிடாதீர்கள்.

முடிந்ததும் திருகின் தலையையும் வளையத்தையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். இருபது முறை சுட்ட பிறகு, திருகு இளகியதா என்று மறுபடி ரெஞ்சை வைத்துச் சோதிக்க வேண்டாம். நின்றுபோன திருகை மீண்டும் அசைக்கக் கூடுதல் முறுக்கு தேவை; ரெஞ்ச் அந்த ஒட்டலைத்தான் அளக்கும். கோடு முறியாமல் நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.