மூக்கை அடைத்த கார்க்

“அண்ணா, லீல் நகரில் ஒரு கடையில் பெரிய பாட்டில் பீர் வாங்கினேன். கார்க் அடைத்து, மேலே கம்பி கட்டி, பார்க்க சாம்பேன் மாதிரி இருந்தது. திறந்தால் மழையில் நனைந்த கோணிப்பை நாற்றம். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். ‘பண்ணை பீர் அப்படித்தான் இருக்கும், அது நிலவறை மணம்’ என்கிறார். ஏமாற்றுகிறாரா?”

பிரான்சின் வடக்கே முதுகலை படிக்கும் ஒரு வாசகத் தம்பி எழுதியது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, தம்பி. அவர் சொன்னதையே பீர் போட்டி நடுவர்களின் கையேடும் ஒரு காலத்தில் சொன்னது. ஆனால் விஷயம் தப்பு. ஏன் தப்பு என்பதற்கு ஜப்பானில் ஒரு நியூட்டின் (பார்க்கப் பல்லி, சாதியில் தவளைக்குச் சொந்தம்) மூக்கு வரை போய் வரவேண்டும்.

முதலில் பீர். பெயர் பியேர் து கார்ட், அதாவது ‘வைத்திருக்கும் பீர்’. பெல்ஜிய எல்லையை ஒட்டிய நோர், பா-து-கலே பகுதிகளின் பண்ணைகளில் பிறந்தது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கோடையில் பீர் காய்ச்சினால் காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் புகுந்து கெடுத்துவிடும். அதனால் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் காய்ச்சி, நிலவறையில் வைத்திருந்து, வெயில் காலத்தில் எடுத்துக் குடித்தார்கள். முளைகட்டிய பார்லி, சர்க்கரை, ஈஸ்ட், ஆல்கஹால் கதையெல்லாம் பள்ளியில் படித்ததுதான், தாண்டிப் போகலாம். இப்போது கிடைப்பவற்றில் ஆல்கஹால் பெரும்பாலும் 6 முதல் 8.5 சதவீதம். 1922இல் ஃபெலிக்ஸ் டுயிக் ஜான்லான் கிராமத்தில் தொடங்கிய ஆலை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் தன் பீரைச் சாம்பேன் பாட்டில்களில் அடைத்து விற்றது. கார்க்கும் கம்பியும் இந்த வகை பீரின் அடையாளமே ஆகிவிட்டன.

இதில் நல்ல ஆம்ப்ரே (செம்பழுப்பு) வகையை ஊற்றினால் செம்பு நிறம். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் ரொட்டியின் முறுகிய ஓரம், டாஃபி, கொஞ்சம் கேரமல். பார்லியை உலர்த்தும் சூட்டிலும் நீண்ட நேரக் கொதியிலும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து செய்யும் வேலை அது. இந்த வினையை 1912இல் விவரித்த லூயி கமீய் மயாரும் பிரெஞ்சுக்காரர்தான். தோசையின் முறுகலுக்கும் அதே வினைதான் காரணம். ஹாப் பூவின் கசப்பு பின்னால் அடக்கமாக நிற்கும். முதல் வாய் இனிப்பாகத் தொடங்கினாலும் விழுங்கும்போது நாக்கில் பிசுக்கு இல்லாமல் உலர்ந்து முடியவேண்டும்.

நடுவர்களின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. அந்த 20இல் பெரும்பங்கும் மூக்கு சம்பாதித்ததுதான். மூக்குக்குத் தொண்டை வழியாக ஒரு பின்வாசல் இருக்கிறது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: இனிப்பு, கசப்பு, நுரையின் குத்தல், அவ்வளவுதான். விழுங்கிவிட்டு விரலை எடுத்து மூச்சை வெளியே விட்டால் டாஃபி குபீரென்று வரும். (பீர் வேண்டாம் என்பவர்கள் ஏலக்காய் டீயில் செய்து பார்க்கலாம்.)

சரி, கோணிப்பை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் டி.சி.ஏ. என்ற பொருளிலிருந்து. விரித்துச் சொன்னால் டிரைகுளோரோஅனிசோல். கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. அதில் குளோரோஃபீனால்கள் என்ற குளோரின் கலந்த வேதிப்பொருட்கள் இருந்தால் பூஞ்சைக்கு விஷம். பூஞ்சை அதன்மீது ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. விஷம் போய்விடும், டி.சி.ஏ. மிஞ்சும். முன்பு கார்க்கைக் குளோரின் போட்டு வெளுத்தது பூஞ்சைக்குத் தாராளமாகச் சரக்கு தந்தது. ஒயின்களில் வரும் கார்க் நாற்றத்துக்கு இதுதான் காரணம் என்று 1982இல் கண்டுபிடித்தார்கள். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்கு முகம் சுளிக்கும்.

இதுவரை வழக்கமான நாற்றக் கதை. இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

மணம் என்றால் என்ன? ஒரு மூலக்கூறு மூக்கின் உச்சியில் உள்ள நரம்பு செல்லின் மெல்லிய இழைகளில் போய் அமர்கிறது. அங்கே அதற்கேற்ற ஏற்பி இருக்கும். மனிதருக்கு ஏறக்குறைய 400 வகை. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்குத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு. ஏற்பி தட்டியெழுப்பப்பட்டதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருள் பெருகுகிறது. அது செல்லின் மேலுறையான சவ்விலுள்ள அயனிக் கதவுகளைத் திறக்கிறது. சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. மூளைக்கு மின்செய்தி போகிறது. ஏற்பிகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் கடைசியில் எல்லாம் வந்து சேர்வது இந்த ஒரே வகைக் கதவுக்குத்தான். ரோஜாவானாலும் மீனானாலும் டாஃபியானாலும் இந்தக் கதவு திறக்கவேண்டும்.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் தாகேஉச்சி, காதோ, குராஹாஷி மூவரும் நியூட்டின் மூக்கு செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டி.சி.ஏ.வைச் செலுத்திப் பார்த்தார்கள். மற்ற வாசனைப் பொருட்களைப் போல அது செல்லை உசுப்பும் என்றுதானே நினைப்போம்? செல் அசையவே இல்லை. கதவுதான் திறக்க மறுத்தது. வாசனைத் திரவியத் தொழிலில் நாற்றத்தை மறைக்கப் பயன்படும் பொருட்களைவிட 100 முதல் 1,000 மடங்கு வலிமையாக டி.சி.ஏ. கதவை அடைத்தது. 2013இல் வெளியான இந்த ஆய்வில், ஒரு அட்டோமோலார் என்ற மிக மிகக் குறைந்த செறிவிலேயே விளைவு தெரிந்தது. கணக்குப் போட்டால் ஒரு லிட்டருக்கு சுமார் 6 லட்சம் மூலக்கூறுகள். ஒரு மில்லிலிட்டருக்கு வெறும் 600.

இவ்வளவு குறைவான சரக்கு எப்படி இந்த வேலையைச் செய்கிறது? டி.சி.ஏ.வுக்குத் தண்ணீர் பிடிக்காது, கொழுப்பு பிடிக்கும். செல் சவ்வோ பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. மூலக்கூறுகள் அந்தச் சவ்வுக்குள் ஊறி அங்கேயே சேர்ந்துகொண்டு, கதவை அதன் நிலைச்சட்டத்திலேயே இறுக்கிவிடுகின்றன என்பது அவர்களின் விளக்கம். அப்படியானால் நமக்கு ஏன் அது கோணிப்பையாகத் தெரிகிறது? மூக்கு செல்கள் சும்மா இருக்கும்போதும் லேசாகத் துடித்துக்கொண்டேதான் இருக்கும். அந்தத் துடிப்பு அடங்குவதையே மூளை ஒரு வாசனையாகப் படிக்கிறதோ என்று ஓர் ஊகம். உறுதியில்லை என்றாலும், வாசனை இல்லாமற்போவதே ஒரு வாசனை என்ற எண்ணத்தை நினைத்து நினைத்து இரண்டு நாள் சுற்றினேன்.

நியூட்டின் மூக்கை ஆராயவா மக்கள் வரிப்பணம் என்று கேட்கும் ஆட்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மானியக் குழுவில் அப்படி ஒருவர் அழுத்தமாக உட்கார்ந்திருந்தால் கார்க் தொழிலும் உணவுத் தொழிலும் இன்னும் இருட்டில் தடவிக்கொண்டிருக்கும். மணம் குறைந்துபோன பல உணவுகளிலும் இதே டி.சி.ஏ. இருப்பதை அந்த ஒசாகா ஆய்வாளர்களே காட்டினார்கள்.

இப்போது கடைக்காரரின் நிலவறைக்கு வருவோம். பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பின் பழைய கையேடு இந்த பீருக்கு நிலவறைத் தன்மை அடிக்கடி உண்டு என்று இலக்கணமே எழுதியது. 2015 பதிப்பு அதைத் திருத்திக்கொண்டது. அந்தப் பூசண வாடை கார்க்காலும் ஆக்சிஜன் பட்டதாலும் வருவது, சரியாகக் கையாளாமல் ஏற்றுமதியான பாட்டில்களின் குறை, ஊரில் புதிதாகக் குடித்தால் இருக்காது என்றது. கடல் தாண்டி வந்த கெட்ட பாட்டிலைக் குடித்துவிட்டு அதையே மரபு என்று நம்பியிருக்கிறார்கள். பழசு என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால் குறையும் குணமாகிவிடும். நம் ஊரிலும் பார்க்காததா?

தம்பிக்கு ஒரு வேலை. அதே பீரில் கார்க் அடைத்த பாட்டில் ஒன்று, தகர மூடி போட்டது ஒன்று வாங்குங்கள். நண்பரை மூன்று கிளாசில் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எது தனி என்று மோந்து சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், அதனால் ஏழெட்டு முறையாவது செய்யுங்கள். ஈர அட்டைப்பெட்டி போல மட்டும் இருந்தால் ஆக்சிஜன் வேலையாக இருக்கலாம். டாஃபியும் ரொட்டியும் காணாமலே போயிருந்தால் கார்க்கைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே கொஞ்சம் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வாருங்கள். கொழுப்பில் ஊறியது உடனே கழுவிப்போகாது.